சல்லடை பொறுக்கிய அரிசி

பள்ளிக்கூடச் சமையல்காரிக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்தது பிள்ளைகள்தான். ஆனால் அவளைச் சல்லடை ஆக்கியது தம்பி பெண்டாட்டி. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விருந்தில், இவள் சமைத்த சோற்றில் கல்லைக் கடித்தவள், சத்தமில்லாமல் துப்பித் தொலைத்திருக்கலாம். தட்டின் ஓரத்தில் எடுத்துவைத்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். அன்றோடு பேச்சு அறுந்தது. அதன்பிறகு சல்லடையின் சோற்றில் ஒருவர் பல்லிலும் கல் பட்டதில்லை. வயிற்றெரிச்சலுக்கு அவ்வளவு சக்தி.

இந்த வருடம் புது அரிசி வந்தது. முறத்தில் கொட்டினால் அங்கங்கே மஞ்சளாய் ஒரு மணி. மூட்டைமேல் ஏதோ அச்சடித்திருந்தது. தம்பி பெண்டாட்டி வேலை பார்க்கும் ஆலையின் பெயரைக் கண்டதும் இவள் மேற்கொண்டு படிக்கவில்லை.

"பிளாஸ்டிக்கக் கலந்து அனுப்புறா, படுபாவி! மறுபடியும் என் மானத்த வாங்கப் பாக்குறா."

தினமும் விடிந்ததும் வந்து, கண் பூத்துப்போகும் வரை பொறுக்கினாள். ஒருநாள் அவள் முகத்தில் விசிறியடிக்க வேண்டும் என்று டப்பாவில் சேர்த்தாள். ஆறு மாதத்தில் நான்கு டப்பா நிறைந்தது.

தம்பி மகளும் அங்கேதான் படித்தாள், அங்கேதான் சாப்பிட்டாள். ரத்தசோகையில் வெளுத்த பிள்ளை. ஒருநாள் மைதானத்தில் மயங்கி விழுந்தாள். ரத்தம் முன்னைவிடக் குறைந்திருக்கிறது என்றாள் நர்ஸ். எட்டு வருடத்துக்குப் பிறகு தம்பி பெண்டாட்டி சமையலறைக்குள் காலை வைத்தாள்.

"என்னத்த ஆக்கிப் போடுறீங்க அண்ணி, எம்பொண்ணுக்கு?"

"உன் ஆலைக் குப்பைய நீக்கிட்டு ஆக்கிப் போடுறேன். இந்தா!"

டப்பாவைத் திறந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது இரும்புச்சத்து அரிசி, அண்ணி. மாவுல சத்தச் சேத்து மறுபடியும் அரிசியாப் பிழிஞ்சது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ, என் கையாலதான் கலக்குறேன். இத நம்பித்தானே இவள இங்க சாப்பிட விட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"யார்கிட்ட? என்னைக் கண்டாலே காறித் துப்புவீங்களே, உங்ககிட்டயா?"

சல்லடை மன்னிப்புக் கேட்டாளா என்றால், இல்லை. அது அந்தக் குடும்பத்துக்கே வராது. தம்பி பெண்டாட்டி வெளியேறியதும் டப்பாக்களையே வெறித்துக்கொண்டிருந்தாள். பொறுக்கிய விரல்களை ஒடித்துப்போடலாம்போல் இருந்தது.

பத்து நாள் கழித்துப் பிள்ளை திரும்பி வந்து தட்டை நீட்டியது. சோற்றில் ஒரு மஞ்சள் மணி. சல்லடையின் விரல் பழக்கத்தில் தானாக அதை நோக்கிப் போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்ன அத்தை, கல்லா?"

"இல்ல." அவள் முகம் கடுகடுவென்றே இருந்தது. "உங்கம்மா போட்டது. ஒண்ணு விடாம தின்னு."