மெட்ராஸ் சத்தம்

எங்கள் வீட்டு மேஜை விசிறிக்கு மூன்று இறக்கைகள். அதில் ஒன்று நுனியில் வளைந்திருக்கும். அக்கா கல்யாணத்தின்போது பந்தல்காரர் ஒருவர் தட்டிவிட, விசிறி கீழே விழுந்ததில் வந்த வளைவு அது. அந்த விசிறியை நான் காற்றுக்காக வைத்திருக்கவில்லை. ஓர் இங்கிலீஷ் ராக் பாட்டில் வரும் ஆர்கன் சத்தத்துக்காக வைத்திருந்தேன். இப்படிச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் அந்தச் சத்தம் வந்துவிடுகிறது. எனக்கு வருவதற்கு ஒன்பது மாதம் ஆயிற்று.

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்தால் கீபோர்டுக்காரன். எங்கள் மெல்லிசைக் குழுவை நானும் அத்தானும் சேர்ந்து தொடங்கினோம். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் முன்வரிசையில் தூங்குகிறவர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். வாய் அவருடையது, கை என்னுடையது என்று வீட்டில் சொல்லிச் சிரிப்போம். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது.

என்னிடம் இருந்தது சிங்கப்பூரிலிருந்து வந்தவர் ஒருவர் கைமாற்றிவிட்ட பழைய ஜப்பான் சின்தசைசர். முகம் முழுக்க மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைக் கண்டுகொள்ளாது. நினைவாற்றலும் கிடையாது. இன்று கண்டுபிடித்த சத்தத்தை நாளைக்கு மறந்திருக்கும். அதனால் குமிழ்கள் நிற்க வேண்டிய இடங்களில் அக்காவின் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தேன். மில்லுக்கு மெஷின் பொருத்த வந்த பம்பாய் எஞ்சினியர் விட்டுப்போன கேசட்டில்தான் அந்த ஆர்கனைக் கேட்டிருந்தேன். கரகரவென்று, தொண்டை கட்டிய மனுஷன் உச்சத்தில் பாடுவதுபோல இருக்கும். கரகரப்பைப் பழைய வால்வு ரேடியோ ஒன்றின் வழியாகச் செலுத்திக் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் கேசட்டில் அந்தச் சத்தம் அலையலையாகச் சுற்றியது. அந்தச் சுற்றல் மட்டும் எந்தக் குமிழிலும் இல்லை.

ஒரு நாள் மதியம் வாசித்துக்கொண்டிருக்கையில், வியர்க்கிறதே என்று அக்கா விசிறியைக் கொண்டுவந்து ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள். சத்தம் சுற்றத் தொடங்கியது. வேகம் அதிகம்தான். விசிறிக்குப் போகும் வயரின் நடுவே ஒரு நூறு வாட் பல்பைத் தொடராகக் கோத்தேன். மில்லில் கற்ற வித்தை அது. பல்பு மங்கலாக எரிய, விசிறி சோம்பலாகச் சுழன்றது. விசிறிக்கு மறுபக்கம் மைக்கை வைத்தேன். கேசட்டில் கேட்டது என் அறையில் கேட்டது. ஒரே வித்தியாசம், வளைந்த இறக்கை கடக்கும்போதெல்லாம் சத்தம் லேசாக நொண்டியது. அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில், அடிவாரப் பந்தலில் முதல்முதலாக அதை வாசித்தேன். மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கியவர்கள் பல்பையும் விசிறியையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு பெரியவர், "ஏலே, மைக்குக்கா வேர்க்கி?" என்று கேட்டார். அதன்பின் விசிறி வருமா என்று கேட்டே எங்களைக் கூப்பிட்டார்கள். நான் பெரிய வாசிப்பாளன் அல்ல. என்னைவிட விரல் ஓடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். குழுவில் எனக்கு ஓர் இடம் இருந்தது என்றால், அது அந்தச் சத்தத்தால்தான்.

பிறகு ஒரு நாள் பகலில் அத்தான் நல்ல டேப் ரிக்கார்டர் ஒன்றோடு வந்தார். "மாப்ள, நாலே நாலு கட்டைய ஒண்ணொண்ணா அழுத்திப் பிடி. மெட்ராஸ்ல ஒருத்தர்கிட்ட போட்டுக் காட்டணும். ஒன்னப் பத்திச் சொல்லிருக்கேன்" என்றார். மெட்ராஸ் என்றதும் உடனே விசிறியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பாட்டாக வாசிக்காமல் ஏன் தனித்தனிச் சுரம் என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்றாவது கட்டையில் கரண்ட் சற்று இறங்கி விசிறி தளர்ந்தது. அத்தான் போதும் என்றார். நான் விடவில்லை. "செத்த நேரம் இருங்க அத்தான், இது சரியில்ல, இன்னொரு தடவ எடுப்போம்" என்றேன். என் கழுத்துக்கான கயிற்றை நானே நீவி, முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணக் கச்சேரிக்கு நான் வேண்டாம் என்றார் அத்தான். சின்னக் கச்சேரி, கீபோர்டு இல்லாமல் பாட்டு மட்டும்தான் என்றார். கல்யாண மாப்பிள்ளை என்னோடு மில்லில் வேலை பார்ப்பவன் என்பது அவருக்குத் தெரியாது. அவன் பத்திரிகை வைத்திருந்ததால் நான் போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கி மண்டபத்தை நோக்கி நடக்கும்போதே, தெருவில் என் சத்தம் கேட்டது. மேடையில் விசிறி இல்லை, பல்பு இல்லை. மதுரைக்காரர் ஒருவர் பளபளக்கும் புதுக் கீபோர்டின் முன் உட்கார்ந்திருந்தார். கேட்கிற சத்தத்தைப் பதிந்துகொண்டு எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் பேசுகிற மெஷின் அது. என் நாலு சுரத்தை மொத்தக் கீபோர்டுக்கும் இழுத்து நிரப்பியிருந்தார்கள். அதனால், டேப்பை வேகமாக ஓட்டினால் ஆவதுபோல, மேல்சுரம் போகப் போக நொண்டல் வேகமானது, கீழே இறங்க மெதுவானது. என் விசிறி ஒருநாளும் அப்படி நொண்டியதில்லை. பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போய் வேறு சட்டை போட்டு நிறுத்தியிருப்பதைப் பார்த்ததுபோல இருந்தது. பந்திக்கு உட்காராமல் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அத்தானிடம் கேட்டேன். "எத்தன ஊருக்குத்தான் விசிறியச் செமக்க மாப்ள? சத்தம் குடும்பத்துக்குள்ளதான இருக்கு, எங்க போச்சு?" என்றார். குரலில் குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. அக்கா என்னைத் தனியே அழைத்துப்போய், "அவிய ஒனக்குக் கெடுதல் நெனப்பாவளா?" என்றாள். அவள் கண்ணைப் பார்த்தேன், அவளுக்கு முன்பே தெரியும். அன்றோடு வாசிப்பதை நிறுத்திக்கொண்டேன். மில், வீடு, மில் என்று வருடங்கள் போயின. வருமோ என்று காத்திருந்த மெட்ராஸ் கடிதம் எதுவும் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அக்கா வந்து நின்றாள். மதுரைக்காரர் வேறு குழுவுக்குப் போய்விட்டார், நாளைக் காலை ராஜபாளையத்தில் பெரிய இடத்துக் கல்யாணம், பெயர் கெட்டுப்போகும் என்றாள். "அவியளுக்காக வேண்டாம், எனக்காக வா" என்றாள். போனேன். அத்தான் வாங்கிவைத்திருந்த அந்த மெஷினுக்கு முன் உட்கார்ந்து இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். பத்து விரலுக்கும் பத்துச் சுரம் பேசியது. என் பழைய பெட்டியில் ஒருநாளும் முடியாதது அது. ஒன்பது மாதம் நான் தேடியது இந்த நிறைவைத்தான் என்று அப்போது புரிந்தது. வெறுப்பதற்கென்றே போயிருந்தவன், கண் கலங்கி வாசித்தேன்.

முடித்ததும் கைதட்டல் ஓயவில்லை. அத்தான் மைக்கை எடுத்தார். "இப்ப நீங்க கேட்டது மெட்ராஸ்லருந்து நாங்க தருவிச்ச சத்தம். இந்த வட்டாரத்துல வேற எவர்கிட்டயும் கெடையாது" என்றார். கைதட்டல் இன்னும் பலத்தது. அவர் என் பக்கம் குனிந்து, மைக்கைப் பொத்திக்கொண்டு, "உள்ளூர்ன்னா எவன் மாப்ள மதிப்பான்? எந்திச்சுக் கும்பிடு" என்றார். முன்வரிசையில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று, மெட்ராஸுக்காகக் கும்பிட்டேன்.