சன்னாசி கலந்த எண்ணெய்

அந்த வேனில் நவமணிக்குப் பிடிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். அதில்தான் அவள் தினமும் உட்கார வேண்டியிருந்தது. முன்சீட்டுக்கு நேர் கீழே இஞ்சின். புந்தோங்கில் விடிவதற்குள் ஏறினால் மெங்லெம்பு ஃபாக்டரி வாசலில் இறங்குவதற்குள் தொடை வெந்துவிடும். பின்னால் பதினாலு பெண்பிள்ளைகள். வீடு வீடாக வாசலில் நின்று குரல் கொடுத்து அவர்களைக் கிளப்புவது அவள் வேலை. ஓட்டுவது அவள் புருஷன் சன்னாசி.

வேலை பார்த்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது கைக்கு வந்ததை வைத்து வாங்கிய பழைய ஜப்பான் வேன் அது. வேறு சொத்து கிடையாது. வேன் நின்றால் அடுப்பும் நிற்கும். அதோடு, அர்ச்சுனன் என்று ஒருத்தன் புது வேனை வாங்கி வைத்துக்கொண்டு, ஃபாக்டரிக்காரன் எப்போது கூப்பிடுவான் என்று காத்துக் கிடந்தான்.

எண்பத்து நாலாம் வருஷம் வேன் புகைய ஆரம்பித்தது. பின்னால் வருகிற மோட்டார்சைக்கிள்காரன் எல்லாம் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான்.

எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சன்னாசி சிலிபினில் தாவூதின் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போனான். நவமணியும் கூடப் போனாள். தனியாக விட்டால் எதையாவது வாங்கிக்கொண்டு வருவான்.

தாவூத் ஒரு பளபளப்பான டின்னை எடுத்து வைத்தார். "இது பூமியிலேர்ந்து எடுத்தது இல்லண்ணே, ஃபாக்டரியில செஞ்சது. சிந்தடிக். பென்ஸ் வச்சிருக்கிற தவுக்கே மொதலாளிங்கதான் வாங்குறாங்க. எவ்வளவு சூட்டுலயும் கருகாது, இஞ்சின் தேயாது."

"நம்ம வேனுக்கு?"

"ஒங்க வேனுக்கா?" தாவூத் சிரித்தார். "அதுக்கு மொதல்ல அடித்தட்டக் கழட்டிக் கழுவணும்லா. உள்ள படிஞ்ச கரியெல்லாம் இது பேத்து எடுத்துரும். பேத்தது எங்க போவும்? பேசாம சாதா எண்ணெய், நாப்பது நம்பரே ஊத்துங்க. ரெண்டையும் கலக்க மட்டும் செய்யாதீங்க."

தேயாது என்பது மட்டும்தான் சன்னாசி காதில் விழுந்தது. சிந்தடிக் இரண்டு டின், ஐம்பது நம்பர் கெட்டி எண்ணெய் இரண்டு டின் என்று வாங்கிக்கொண்டான்.

கலப்பதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. தோட்டத்து ரப்பர்ப் பால் ஸ்டோரில் பதினெட்டு வருஷம் பால் அளந்தவன். மரத்தைக் கீறி வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் பாலில் மெட்ரோலாக் என்கிற கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, எவள் தண்ணீர் கலந்தாள் என்று சொல்லிவிடுவான். நவமணியையும் அப்படித்தான் பிடித்தான். "ஆத்துல மீனு ஏதும் கெடச்சிச்சா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டான். மூன்று மாதம் கழித்து அவளையே பெண் கேட்டு வந்தான்.

வீட்டுக்குப் பின்னால் நீல வாளியில் நாலு டின்னையும் கொட்டிக் குச்சியால் கலக்கினான். பழைய ஞாபகத்தில் மெட்ரோலாக்கைக் கொண்டுவந்து உள்ளே விட்டான். அது நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"அதுக்கே இதப் பாக்கப் பிடிக்கல," என்றாள் நவமணி.

"எண்ணெய்க்கு வெரலுதான் கணக்கு." கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துக் காட்டினான். "மெல்லிசும் கெட்டியும் சேந்தா நடுவாந்தரம். நானூறு பேரு பால ஒரே தொட்டியில கலந்து விட்டவன்டி நான்."

"ஏங்க, மரத்துக் கோப்பையில நேத்துப் பாலு ஒறஞ்சு கட்டியாக் கெடந்தா அது மேலயா புதுப் பால விடுவோம்? கட்டிய எடுத்து, தொடச்சுத்தானே மாட்டுவோம்? இந்த இஞ்சின் அடியில எத்தன வருசக் கட்டி கெடக்கோ. கழுவிட்டு ஊத்துங்க."

"நீ வெட்டுனவ. நான் அளந்தவன்."

"அளந்தவன் எவன் கோப்பையத் தொடச்சான்?"

கழுவ விட்டால் பட்டறையில் இரண்டு நாள் போகும். ஞாயிற்றுக்கிழமை ராக்காயி வீட்டுப் பரிசத்துக்குத் தைப்பிங் போக வேன் பேசியாகிவிட்டது. சன்னாசி பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதுக் கலவையை ஊற்றினான்.

நாலு நாள் இஞ்சின் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடியது. புகை பாதியாகக் குறைந்தது. "கேளு, கேளு," என்று சீட்டைத் தட்டித் தட்டிக் காட்டினான். நாம்தான் தெரியாமல் பேசிவிட்டோமோ என்றுகூட நவமணி நினைத்தாள்.

ஞாயிறு காலை தட்டு, தாம்பாளம், பூ, பழத்தோடு பத்துப் பேர் ஏறினார்கள். மாப்பிள்ளைக்கு அத்தை ராக்காயி, பட்டுச் சேலை கசங்கக் கூடாது என்று இரண்டு பேர் இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கோலகங்சார் தாண்டும்போது எண்ணெய்க்கான சிவப்பு லைட் மினுங்கியது. சன்னாசி ஓரங்கட்டி அளவுகோலை இழுத்துப் பார்த்தான். எண்ணெய் நிறைய இருந்தது.

"ஒயர் லூசு," என்றான்.

பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் ஏற்றம் வந்தது. லைட் அணையவே இல்லை. சீட்டுக்கு அடியில் நவமணிக்கு ஒரு சத்தம் கேட்டது. கரண்டியால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி, டிக் டிக் என்று.

"ஏங்க, நிறுத்துங்க," என்றாள் மெதுவாக.

"ஏத்தம் முடியட்டும்."

"இஞ்சின் ரோசாக் ஆயிரும், கெட்டே போயிரும்."

"சும்மா இருடி. ஆளுங்க இருக்காங்க."

அவன் கழுத்து வேர்த்திருந்தது. சத்தம் அவனுக்கும் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பத்துப் பேர் முன்னால் தன் கலவை தோற்றது என்று சொல்வதைவிட இஞ்சினையே கொன்றுவிடுவான். டிக் டிக், இப்போது டொக் டொக் ஆனது.

நவமணி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். "வாந்தி வருது! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"ஐயோ, பட்டுச் சேல!" என்று ராக்காயி பின்னாலிருந்து கத்தினாள். "நிறுத்துப்பா!"

வேன் நின்றது. அவன் கைபிரேக்கை இழுத்த நொடியில் நவமணி சாவியைத் திருப்பி உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாவியக் குடு."

"முடியாது."

"நவமணி, குடுன்னு சொல்றேன்."

"யோவ், கட்டி அடச்சிருச்சுய்யா. இனி ஒரு சுத்துகூட சுத்தக் கூடாது."

அவன் கை ஓங்கியது. பின்னால் பத்து ஜோடிக் கண்கள். கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு திரும்பி, "அவளுக்கு ஒடம்பு முடியல. பஸ்சு வரும், ஏத்தி விடுறேன்," என்றான்.

"நல்ல நாளும் அதுவுமா நடுக்காட்டுல இறக்கி விடுறியே, நீ நல்லா இருப்பியா?" ராக்காயி பஸ் வரும்வரை சாபம் கொடுத்தாள். அதையெல்லாம் நவமணி சாலையோரத்தில் குந்தி, வாந்தி எடுக்கிற மாதிரியே கேட்டுக்கொண்டாள்.

வேனை இழுத்துப் போய்ப் பட்டறையில் அடித்தட்டைக் கழற்றினார்கள். எண்ணெய் உறிஞ்சும் சல்லடை முழுக்கக் கறுப்புக் கட்டி. நவமணி ஒரு துண்டை எடுத்து விரலில் உருட்டினாள். வாளி அடியில் காய்ந்த ரப்பர் கட்டி மாதிரியே இருந்தது. வழியெல்லாம் நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். சன்னாசியின் முகத்தைப் பார்த்ததும் கட்டியைக் கீழே போட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"கோலு ஃபுல்லுதான் காட்டும்ணே," என்றார் பார்க்க வந்த தாவூத். "எண்ணெய் கீழ இருக்கு. மேல ஏறலியே."

பேரிங் எல்லாம் கீறியிருந்தது. கிராங்க் தண்டு மட்டும் தப்பித்தது. பேரிங் முழு செட்டும் பினாங்கிலிருந்து வர இரண்டு வாரமாகும். அவர்களுக்கு நாலு நாள்கூட இல்லை. புதன்கிழமையே மத்தியான ஷிஃப்ட்டை ஃபாக்டரிக்காரன் அர்ச்சுனனுக்குக் கொடுத்துவிட்டான். காலை ஷிஃப்ட்டாவது மிஞ்சட்டும் என்று, ரொம்பக் கெட்டதை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே பூட்டச் சொன்னான் சன்னாசி. உள்ளே கழுவி, நாற்பது நம்பர் மட்டும் ஊற்றினார்கள்.

இப்போதும் அவள் இடம் இஞ்சின் மேல்தான். காலையில் வேனைக் கிளப்பியதும் இருவரும் இஞ்சினுக்குக் காது கொடுக்கிறார்கள். சிவப்பு லைட் அணைகிறது. அதற்கப்புறமும் அவன் கியரைப் போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சீட்டுக்கு அடியில் டிக் டிக் என்று அந்தச் சத்தம் இருக்கிறது. பின்னால் பிள்ளைகள் போடும் கூச்சலில் வேறு யாருக்கும் கேட்காது.

"போலாம்," என்கிறாள் நவமணி. அதற்குப் பிறகுதான் வேன் நகரும்.

சத்தம் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று அவன் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.