சேவலைக் கேட்டியா?

ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கி, டார்ச்சின் வாயில் முட்டையைப் பொருத்திப் பார்க்கிறார் வான்கோழி அக்கா. தெருவுக்கே அவர் பெயர் அதுதான். அடைவைத்துப் பத்து நாளான முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் படர்ந்திருக்க வேண்டும். ஒன்றுமில்லை. "கூமுட்டை" என்று வாளியில் போடுகிறார். அடுத்தது. "கூமுட்டை." இருபத்து நான்காவது முட்டைக்கு வாயே திறக்கவில்லை, வாளிதான் சத்தம் போட்டது.

அக்கா வளர்ப்பது பழைய இன வான்கோழிகள். பகல் நீளத் தொடங்கினால்தான் முட்டையிடும். குளிர்மாதங்களில் காலில் விழுந்தாலும் இடாது. முட்டையை எடுக்கும்போது கோழியிடம் "கொஞ்சம் நகரு தாயி" என்பார். மனிதர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. கொழுந்தனுக்கு அறவே கிடையாது.

"சீசன் வரட்டும்னு கையைக் கட்டிட்டு உக்காந்தா பொழைக்க முடியுமா அண்ணி?" என்று பெட்டைகளின் கொட்டகையில் விளக்குப் போட்டவர் அந்தக் கொழுந்தன்தான். தினமும் பதினான்கு மணிநேர வெளிச்சம். பருவம் வந்துவிட்டதாக ஏமாந்து பெட்டைகள் முட்டையிட்டன. அடுத்த கொட்டகைச் சேவல்களுக்கோ இன்னும் குளிர்காலம். மதியம் பெட்டைகளோடு சேர்த்துவிட்டாலும் மூலையில் போய்ப் படுத்தன. "சேவலுக்கு மூணு வாரம் முன்னாடியே வெளிச்சம் வேணும்டா" என்று அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

முட்டைகள் கூமுட்டையான சேதி கேட்டு மறுநாளே கூண்டுகளோடு வண்டியில் வந்து இறங்கினார் கொழுந்தன். அன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து நானும் முற்றத்தில் இருந்தேன்.

"கோழிங்க சரியில்ல அண்ணி. எல்லாம் மலடு. கறிக்குத் தள்ளிடலாம்."

அக்கா கொட்டகை வாசலை மறித்து நின்றார். "யாருடா மலடு? சேவலைக் கேட்டியா? முட்டை பெட்டையோடதுன்னா குத்தமும் பெட்டையோடதா?"

"கோழியைப் பத்திப் பேசினா..."

"நானும் கோழியைப் பத்தித்தான் பேசறேன்! பன்னெண்டு வருஷம் என்னை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்தீங்களே, உங்க அண்ணனை ஒரு நாள் கூட்டிட்டுப் போனீங்களாடா? உங்கம்மா சாகிற வரைக்கும் என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சுக்கிட்டே என்னை மலடின்னாங்க. அதே வாயாடா உனக்கும்?"

அக்காவின் கணவர் தீவன மூட்டையைத் தோளில் சுமந்தபடி நின்றார். இறக்கவும் இல்லை, நகரவும் இல்லை. கொழுந்தன் காலிக் கூண்டுகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்.

அன்றே அக்கா சேவல் கொட்டகையிலும் விளக்கை மாட்டினார். மூன்றாம் வாரம் சேவல்கள் தோகை விரித்துக் கொக்கரித்தன. அதன்பின் அடைவைத்த பதினெட்டில் பதினைந்து முட்டைகளில் நரம்பு ஓடியது. கொழுந்தன் போன் செய்தார்: "கோழிங்க தேறிடுச்சாமே அண்ணி?"

"கோழிக்கு என்னைக்குமே ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டார்.

தீவன வாளியோடு அவர் கிளம்பும்போது கணவர் எதிரே வந்தார். நான் இருப்பதை மறந்தாரோ, நானும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ, தெரியவில்லை.

"நான் தனியாப் போய் டெஸ்ட் எடுத்தேன். கல்யாணமான மூணாவது வருஷமே. குறை எங்கிட்டதான்னு சொன்னாங்க. அம்மா பேசினப்பவாவது சொல்லியிருக்கணும்."

வாளியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போய், உள்பக்கமாகத் தாழ் போட்டார்.