ஜாஸ் கச்சேரியில அடிச்ச சாவு மணி

அந்த வாசம் இன்னும் மூக்குலயே நிக்குதுங்க... பல்பர் மெஷின்ல அரைச்சுத் தள்ளுன காபிப் பழத்தோலு குழியில புளிச்சுக் கெடக்கும் பாருங்க, அந்த வாசம்.

எண்பதுகள்ல, ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ்ல எனக்கு மொத வேலை. தலைச்சோலையிலிருந்து நடந்தே போயி, காலையில பேரு கூப்பிட்டு ஆள் எடுக்கணும்.

எங்க எஸ்டேட் தொரை ஜாஸ் பாட்டுக்கு மெட்டுப் போடுறவரு. பெங்களூர்ல பெரிய பேரு. பழம் எடுக்குற பொம்பளைங்களுக்கு அவரு 'பாட்டுக்காரத் தொரை'. அதுல செம்மநத்தத்துப் பாப்பாக்காவுக்கு அவருமேல நொம்பப் பிரியம். அது மகனைப் பாம்பு கடிச்சப்ப, ஜீப்புல தூக்கிப் போட்டு சேலத்துக்கு ஓட்டுனவரு அவருதான்.

ஒடம்பு முடியாம பெங்களூர் போனவரு அங்கயே தவறிட்டாரு. மேனேஜர் என்னையக் கூப்பிட்டாரு.

"மூச்சு விடாத கண்ணு. துக்கம்னா வேலைய நிறுத்திருவாங்க, பழம் பூரா செடியிலயே காஞ்சுரும். அப்புறமாச் சொல்லிக்கலாம்."

வேலை போயிருமோன்னு எனக்குப் பயம். பாப்பாக்கா தெனமும் கேக்கும்... "ஏங்கண்ணு, தொரைக்கு எப்படி இருக்குதாம்?"

"தேவலைங்கக்கா."

கூசாமச் சொன்னேன்.

ஒரு மாசம் கழிச்சு, தொரையோட பாட்டையெல்லாம் வாசிச்சுக் கொண்டாடணும்னு அவரு சிநேகிதங்க சாக்ஸபோன், டிரம்ஸோட வந்தாங்க. தொரைசானி அம்மாவும் வந்தாங்க. மத்தியானம், காபி காயப்போடுற களத்துல கச்சேரி. ஆளுங்களை எல்லாம் மேனேஜர் மேல்காட்டுக்கு அனுப்பிட்டாரு.

மூணாவது பாட்டு. டிரம்ஸ்காரரு எந்திரிச்சுப் போயி, சில்வர் ஓக் மரத்துல தொங்குற தண்டவாளத் துண்டை அடிக்கறாரு... விடாம அடிக்கறாரு! அந்தச் சத்தத்தை வெச்சே தொரை அந்தப் பாட்டைப் போட்டிருக்காராம்.

எங்க எஸ்டேட்ல அதை ரெண்டு தட்டுத் தட்டுனா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். விடாம அடிச்சா சாவு.

ஐயோ... எம்பது பேரு, இடுப்புல பழப்பையோட, மேல்காட்டிலிருந்து எறைக்க எறைக்க ஓடி வாராங்க! சாக்ஸபோன் பாதியில நின்னுபோச்சு.

"ஏனுங்க, யாருக்குங்க? என்னாச்சுங்க?"

தொரைசானி அம்மா மேனேஜர் பக்கம் திரும்புனாங்க. "இவங்களுக்கு இன்னும் சொல்லவே இல்லையா?"

பாப்பாக்கா நேரா எங்கிட்ட வந்துச்சு.

"நீ சொல்லு கண்ணு."

"தொரை போயிட்டாருங்கக்கா... ஒரு மாசமாச்சு."

அறையப் போவுதுன்னு நெனச்சேன். அறைஞ்சிருந்தாத் தேவலை. "காலையிலகூடக் கேட்டனே சாமி..."ன்னு சொல்லிட்டு அப்படியே களத்துல உக்காந்துருச்சு. அப்புறம் எல்லாருமே அழுதாங்க. கச்சேரிக்காரங்களும்தான்.

இப்ப யாரு செத்தாலும் அஞ்சு நிமிஷத்துல வாட்ஸ்அப் குரூப்ல வந்துருது. நாமளும் கும்பிடுற கையப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிர்றோம். யாரும் யாருக்கும் ஓடி வர்றதில்ல.

என் வேலை போகலைங்க. இன்னும் மூணு வருஷம் அங்கதான் இருந்தேன். ஆனா அதுக்கப்புறம் பாப்பாக்கா எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. காலையில நான் பேரு கூப்பிட்டா, தலையத் தூக்காம, "இருக்கறனுங்க"ன்னு மட்டும் சொல்லும்.