பாங் தால்சிக் தாமதமாக வந்த மாதம்

அறுபதுகளில் எங்கள் வட்டார அரசு அலுவலகத்தில் பதவி உயர்வு, வாய்க்கால் தண்ணீர் போல முறைவைத்துப் பாய்ந்தது. யாருடைய முறையோ அவருக்கு அந்த ஆண்டு முதல்தர மதிப்பெண்; மற்றவர்கள் மனமாரக் குறைந்த மதிப்பெண் வாங்கிக்கொள்வோம். எவ்வளவு அநியாயமான, எவ்வளவு நிம்மதியான காலம்!

அதைக் கலைத்தவர் பணியாளர் பிரிவு எழுத்தர் பாங் தால்சிக். தலைநகர் சியோலில் பயிற்சி முடித்து வந்து, இனி வேலைக்குத்தான் மதிப்பெண், வயதுக்கல்ல என்றார். பனி கொட்டினாலும் மணியடிக்குமுன் நாற்காலியில் இருப்பார். எங்களுக்கு அவரைப் பிடிக்காமல்போக அதுவே போதும்.

அந்த ஆண்டு முறை கூ சாங்மோவுடையது. வசந்தத்தில் ஓய்வு. அதற்குள் துறைத் தலைவராகாவிட்டால், இறந்தபின் மூதாதையர் வழிபாட்டுத் தாளில் அவரை 'மாணவர்' என்றுதான் எழுதுவார்கள். பதவி எட்டாதவர்களுக்கு எங்கள் வழக்கம் அது.

"வாழ்க்கை முழுக்க முத்திரை குத்தினேன். செத்தும் பள்ளிக்கூடத்துப் பையனா?" என்றார் கூ.

"நல்லாப் படிங்கண்ணே, அங்கயாவது பாஸாகலாம்" என்றேன்.

பாங் சிரிக்கவில்லை. "விதிய நான் மாத்த முடியாதுண்ணே."

உண்மைதான். புதிய கணக்கில் முதலிடம் பாங்குக்கு, இரண்டாமிடம் கூவுக்கு. காலியிடமோ ஒன்றுதான்.

மறுவாரம் மணியடித்தபோது பாங்கின் நாற்காலி காலி. எதிர்க்கடையில், எலும்புச் சூப்பின் ஆவிக்கு நடுவே, கோட்டும் டையுமாக உட்கார்ந்து அலுவலகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மணம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

"உடம்புக்கு முடியலையா தம்பி?" என்றாள் கடைக்காரம்மா.

"வேலையா இருக்கேன்க்கா."

கால்மணி கழித்து வந்து, தாமதம் என்று தன் கையாலேயே பதிந்தார். மாதம் முழுக்க இப்படி. தாமதத்துக்கு மதிப்பெண் குறையும் என்பது விதி, குறைந்தது. கூ துறைத் தலைவரானார். ஆய்வுக்கு வந்த மேலதிகாரிகள், புதிய முறையை இவ்வளவு நேர்மையாக நடத்தும் அலுவலகத்தைக் கண்டதில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரி என்பதுதான் வேடிக்கை.

அந்தத் தாமதம் அடுத்த மதிப்பீட்டிலும் கணக்கில் வரும். மதிப்பெண் போட வேண்டியவர் இப்போது கூ. பாங்கை அழைத்தார்.

"நேரத்துக்கு வர்றதில்லைன்னு பதிவுல இருக்கேப்பா. என்ன செய்யட்டும்?"

"கொறைக்கணுங்கய்யா." கூ துறைத் தலைவராகும்வரை 'அண்ணே'தான்.

கூ பேனாவை எடுத்தார், வைத்தார், மூக்கை உறிஞ்சினார், கடைசியில் குறைத்தார்.

பாங் எட்டிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு கொறையணுங்கய்யா."