கபீலனின் பெட்டி

கேம்ப் பஸ்ஸில் ஏறியதும் வீரபாண்டி துண்டால் வாயை மூடிக்கொள்கிறார். துண்டுக்குள்ளே கைபேசி. "அரக்கன் கபீலன் நகைத்தான்" என்று செய்தி வாசிப்பவர் குரலில் மெதுவாகச் சொல்கிறார். அவருடைய சிவகங்கைப் பேச்சு கைபேசிக்குச் சரியாகப் பிடிபடாது. சுத்தத் தமிழில் சொன்னால்தான் ஒழுங்காக எழுத்தாக்கும். "நியூஸ் ஆரம்பிச்சிருச்சுப்பா" என்பார் பின்சீட்டுக்காரர்.

சவூதியின் ஜுபைலில் சாரம் கட்டுவது அவர் டூட்டி. போகிற வழியில் மாயக்கதை. வாராவாரம் ஓர் இணையதளத்தில் 'கார்குழலி' என்ற பெயரில் அது வருகிறது. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்திலும் இப்படிப் புனைபெயரில் மாயக்கதை எழுதி, வெளியே தெரியாமலே போனவர்கள் உண்டு என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். "அவுகளுக்கு லீவு யாரு சார் குடுத்தா?" என்று கேட்டார்.

கதையில், தீவுக்குப் பிழைக்க வருகிறவர்களின் நிழலை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கிறான் கபீலன். நல்ல தமிழ்ப் பெயர் என்று ஊரிலிருக்கும் வாசகர்கள் பாராட்டுகிறார்கள். கேம்பில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கஃபீல் என்றால் இங்கே விசா கொடுத்த முதலாளி. எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் அவர் அலமாரியில்தான் இருக்கின்றன. வீரபாண்டிக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா? நுணலும் தன் வாயால் கெடும்.

ஊரில் அவர் மனைவி விஜிக்கு இது நிறைமாசம். ஊருக்குப் போக லீவு கொடுக்க வேண்டியவர் ஃபோர்மேன் ஜெய்னுலாப்தீன், கீழக்கரைக்காரர். போன வாரம் அவர் பஸ்ஸில் ஏறி, "கபீலன் கதை எழுதுறது நம்ம கேம்ப் ஆளாமே, யாருப்பா அது?" என்றார். ஆளாளுக்குக் கைபேசியைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். அன்றிலிருந்து வீரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. "பேர மாத்திருவமா சார்? மாயாண்டின்னு வச்சிரலாமா?" என்று என்னைத் துளைத்துக்கொண்டே இருக்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை அவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபோர்மேன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கைபேசி தொடையில் கவிழ்ந்தது. ஃபோர்மேன் ஜன்னலையே பார்த்தபடி, "அந்தப் பொட்டிய எப்பப்பா தொறப்ப? என் நெழலும் அதுலதான கெடக்கு" என்றார். ஃபோர்மேன் எழுந்து முன்னால் போய்விட்டார். லீவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீரபாண்டி கைபேசியை நிமிர்த்தினார். மைக்கை அணைக்க மறந்திருக்கிறார். ஃபோர்மேன் சொன்னது கதைக்கு நடுவே பாதி சரியும் பாதி தப்புமாக எழுத்தாகிக் கிடந்தது. அழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கட்டைவிரலால் பிழைகளைத் திருத்திவிட்டு, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டார்.