நர்சரியின் ஒரே சாவி

மலேசியாவில், லாபு பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் ஆறு வருஷம், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நர்சரிக்கு மண்டோராக இருந்தேன். கன்றுகளை எண்ணுவது, தண்ணீர் விட வைப்பது, வேலைக்கு வருகிறவர்களை அதட்டுவது, இவ்வளவுதான் என் உத்தியோகம். மூன்றாவதைக் கொஞ்சம் ரசித்தே செய்தேன் என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் துரைக்கு ஓர் ஆசை வந்தது. கன்றுகளை வெளியாருக்கும் விற்க வேண்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு ஒரு தாள் நிறைய நிபந்தனைகள். சுற்றிலும் ஆளுயர வேலி, ஒரே கேட், அதற்குப் பூட்டு, சாவி ஒரே ஆளிடம். உள்ளே வருகிறவர் போகிறவர் பெயரெல்லாம் புத்தகத்தில் ஏற வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு பையையும் திறந்து பார்க்க வேண்டும். முளைவிட்ட விதை விலை கூடியது, ஒரு கைப்பிடியை மடியில் கட்டிக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும் என்பது லைசென்ஸ் கொடுக்கிறவர்களின் கவலை.

"முடியுமா மண்டோர்?" என்று துரை கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டதற்கு மேலேயே செய்தேன். ஆளுயர வேலிக்கு மேல் இரண்டு வரிசை முள்கம்பி ஓட்டினேன். வேலியின் அடியில் கோழிகூட நுழைய முடியாதபடி கல் பதித்தேன். சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. வீட்டில் என் மனைவி, "கழுத்துல தாலி மாதிரி கட்டிக்க வேண்டியதுதானே" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

உள்ளே தண்ணீர் விட ஓர் அக்கா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். அவர் கணவர் எஸ்டேட் முனியாண்டி கோயிலில் பூசாரி. தினமும் பதினொரு மணிக்கு வேலை முடிந்து கிளம்பும்போது, அவர் பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டச் சொல்வேன். தூக்குச் சட்டி, ஈரத் துண்டு, வெற்றிலைப் பொட்டலம். தினமும் இவைதான். சட்டியின் மூடியையும் திறந்து பார்ப்பேன்.

"என்னா மண்டோரே, சட்டிக்குள்ள செம்பன மரமா வளக்குறேன்?" என்பார்.

நான் சிரிக்க மாட்டேன்.

கன்று வளர்க்கும் பிளாஸ்டிக் பைகளான பாலிபேக்குகளில் நிரப்ப மேல்மண் தேவைப்பட்டது. கோயிலுக்குப் பின்னால் கறுகறுவென்று, கையில் எடுத்தால் பொலபொலவென உதிரும் மண் கிடந்தது. அங்கே எடுக்க வேண்டாம் என்று அக்கா தடுத்தார். "சாமி எடம் மண்டோரே, வேணாம்லா."

"சாமி என்னா வெவசாயமா பண்றாரு?" என்று கேட்டுவிட்டு ட்ராக்டரை அனுப்பினேன். நான்கு வாரத்தில் கன்றுகள் தளதளவென்று எழுந்தன. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

லைசென்ஸ் அதிகாரி வருகிற நாள். பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்து மணி தாண்டியதும் அக்கா கடைசி வரிசையிலிருந்து கூப்பிட்டார். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. போய்ப் பார்த்தேன். கன்றுகளின் ஓலைக்கு அடியில், நான்கு பைகளில், ஒன்றரைச் சாண் உயரத்துக்கு வேறு ஏதோ செடி. விரல் விரித்தது போன்ற இலை, ஓரமெல்லாம் பல் பல்லாக.

அந்த இலையை நான் அதற்கு முன் செடியாகப் பார்த்ததில்லை, படமாகத்தான் பார்த்திருக்கிறேன். எஸ்டேட் முகப்பில் போலீஸ் நட்டிருந்த பலகையில் அந்த இலை இருந்தது. பக்கத்தில் ஒரு தூக்குக் கயிறும் இருந்தது. கஞ்சா.

எப்படி வந்தது என்று இரண்டு பேருக்குமே கேட்காமல் விளங்கிவிட்டது. முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பார்கள். சிலர் சுருட்டுக்குள் கொஞ்சம் கஞ்சாவும் வைப்பார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். உருட்டுவதற்கு முன் விதைகளைப் பொறுக்கிக் கோயிலுக்குப் பின்னால் எறிந்துவிடுவார்கள். அந்த மண்ணைத்தான் நான் ட்ராக்டர் வைத்து அள்ளி வந்திருந்தேன்.

எனக்குப் பயம் சிறையையும் அந்தக் கயிற்றையும் நினைத்து மட்டும் இல்லை. மண் நிரப்பிய பிறகு இந்த வேலிக்குள் வந்துபோனது நானும் அக்காவும்தான் என்று என் கையெழுத்திலேயே புத்தகம் சொல்கிறது. சாவி என் இடுப்பில். வேறு எவனோ ராத்திரியோடு ராத்திரியாகப் புகுந்து நட்டுவிட்டான் என்று சொல்ல, அந்த வேலியில் நான் ஓர் ஓட்டைகூட விட்டுவைக்கவில்லை.

வெளியே கார் ஹாரன் அடித்தது. அதிகாரி சீக்கிரமே வந்துவிட்டார்.

அக்கா குனிந்து நான்கையும் வேரோடு பிடுங்கினார். புதைத்தால் புதுமண் தெரியும், வந்திருப்பவர் பைகளைக் கிளறிப் பார்க்கிறவர் என்று துரை சொல்லியிருந்தார். செடிகளை மடித்துத் தூக்குச் சட்டிக்குள் திணித்து, மூடி, பையில் போட்டு, மேலே ஈரத் துண்டை அமுக்கினார்.

"போங்க மண்டோரே. கேட்ட தொறங்க. பதினோரு மணிக்கு நான் வழக்கம் போல போயிருவேன்."

அதிகாரி நடுவயது மலாய்க்காரர், மரியாதையானவர், அவசரப்படாதவர். வேலியை ஆட்டிப் பார்த்தார், வரிசைகளை எண்ணினார், அந்த நான்கு பைகள் முன்னாலும் நின்றார். அங்கே கன்றுகள்தான் இருந்தன. பதினொரு மணிக்கு அவர் தூரத்து வரிசையில் இருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஆனால் அவர் கேட்டுக்குத் திரும்பிவந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

அக்கா பையோடு வந்து நின்றார். திரும்பிப் போனால் சந்தேகம் வரும். நின்றார்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "ச்சுபா பெரிக்ஸா" என்றார் என்னிடம். சோதித்துக் காட்டுங்கள், நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று நானும் பார்க்கிறேன்.

இனி எழுதப்போவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பையை வாங்கி மேசைமேல் வைத்தேன். துண்டை எடுத்தேன். சட்டியின் மூடிமேல் கை வைத்தேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. இதைத் திறந்தால் நான் தப்பித்தேன். ஒரே சாவி வைத்திருந்த மண்டோர், நிபந்தனைப்படி சோதித்து, கேட்டிலேயே கையும் களவுமாகப் பிடித்தான். துரை தோளில் தட்டுவார். பூசாரியின் பெண்டாட்டி, அவள் பை, அவள் சட்டி. என்னை யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த நினைப்பு வந்துபோனது என்று சொன்னால் பொய். வந்து உட்கார்ந்துகொண்டது. மூடிமேல் கையை வைத்தபடி நான் நின்றேன். நிமிர்ந்தபோது அக்கா என் கையைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டியைத் திறக்காமலே தூக்கி, உள்ளே ஒன்றும் இல்லாதது போல லேசாக ஆட்டி, பக்கத்தில் வைத்தேன். வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தேன், துண்டை உதறினேன், எல்லாவற்றையும் திரும்பப் பையில் போட்டேன். புத்தகத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது.

"பாகுஸ்" என்றார் அதிகாரி. நல்லது என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. தினமும் போவது போலவே போனார். அவர் குடியிருந்த லைன் வீட்டு அடுப்பில் செடிகளை எரித்தாரா, ஆற்றில் விட்டாரா, நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை கேட்டைத் திறந்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தேன். என்னவோ பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று ராத்திரியெல்லாம் வாக்கியம் கோர்த்து வைத்திருந்தேன். அவர் வந்தார். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"நான் புல்லு வெட்டுற கூட்டத்துக்குப் போறேன் மண்டோரே. ஆபீஸ்ல கிராணிகிட்ட பேர் குடுத்துட்டேன்."

புல் வெட்டுவது வெயிலில் நாள் முழுக்க முதுகு ஒடிகிற வேலை. நர்சரியில் நிழல் உண்டு, பதினொரு மணிக்கு வீடு உண்டு. ஏன் அக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நேத்து யோசிச்சீங்கல்ல?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமாக்கா" என்றேன்.

"நீங்க நல்ல மனுசன்தான், இல்லேங்கல. ஆனா நீங்க யோசிச்சுக்கிட்டு நின்ன அந்த நேரம் பூரா, என் மூணு புள்ளைங்களுக்கு இனிமே யாரு சோறு போடுவான்னு நான் எண்ணிக்கிட்டு நின்னேன். இன்னொரு தடவ என்னால அப்படி நிக்க முடியாதுலா."

அவர் புல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார். அந்த வாரக் கடைசியில் லைசென்ஸ் வந்தது. துரை அதைக் கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டச் சொன்னார், நான்தான் ஆணி அடித்தேன்.